இளையோர் காணும் திரைப்படம்



இன்று உங்களுடன் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் 'இளையோர் காணும் திரைப்படம்' என்பதாகும். இளையோருக்கெனவே தயாரிக்கப்படும் படங்களைப் பற்றியதன்று இப்பேச்சு. வளர்ந்தோரை மனத்திற் கொண்டு எடுக்கப்படும் சாதாரண படங்களை, வளர்ந்தோரின் பக்கத்திலே அமர்ந்து இளையோரும் காண்கின்றனர். அப்படங்களில் வளர்ந்தோர்க்கே உரிய விடயங்கள் பல வருகின்றன. காமம் வருகிறது, கொலை வருகிறது, குடி வருகிறது, துரோகமும் பழிவாங்கலும் வருகின்றன. எட்டு வயதுச் சிறுவன் இவற்றை எவ்வாறு காண்கிறான்? பதினைந்து வயதுப் பெண் இவற்றை எவ்வாறு காண்கிறாள்? இதுவே நாம் ஆராயப்போகும் வினா.

'சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்னும் குரலை நாம் மூன்று நான்கு தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். அக்குரலை உற்றுக் கேட்டால் ஓர் உண்மை புலனாகும். படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியே அது பேசுகிறது; பிள்ளையின் உள்ளத்திலே என்ன பதிகிறது என்பதைப் பற்றி அது பெரிதும் பேசுவதில்லை. படத்தில் இருப்பதும் பிள்ளை காண்பதும் ஒன்றே என்று நாம் கருதிக்கொள்கிறோம். ஆயின், நாம் அஞ்சி மறைக்கும் காட்சியைப் பிள்ளை பலவேளைகளிற் பொருட்படுத்துவதே இல்லை. நாம் சிரித்துக் கடந்துசெல்லும் காட்சியையோ அது இறுகப் பற்றிக்கொள்கிறது.

இதனை முறையாக ஆராயப் புகுந்தனர் ஐக்கிய அமெரிக்காவின் அறிஞர்கள். 1929 ஆம் ஆண்டிலே பேய்ன் நிதியத்தின் உதவியுடன் அங்கு பல பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிகள் தொடங்கப்பெற்றன. அவற்றின் முடிவுகள் 1933 ஆம் ஆண்டு முதல் நூல்களாக வெளிவந்தன. அவ்வாராய்ச்சியாளருள் டைசிங்கர், ரக்மிக் என்னும் இருவர், படம் பார்ப்போரின் விரல்களிலே மின்கம்பிகளைப் பொருத்தி, உணர்ச்சி மேலிடும்போது தோலில் உண்டாகும் மின்மாற்றத்தை அளந்தனர். சிறுவர், வாலிபர், வளர்ந்தோர் ஆகிய மூவகையினரையும் அவர்கள் இவ்வாறு சோதித்தனர்.

சோதனையின் முடிவு கவனிக்கத்தக்கது. ஆபத்து நிறைந்த காட்சிகளின்போது மிகவும் கலங்கியவர்கள் சிறுவர்களே; வளர்ந்தோர் மிகக் குறைவாகவே கலங்கினர். காதற் காட்சிகளின்போதோ நிலைமை வேறாயிருந்தது. ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் பெரிதாக ஒரு மாற்றமும் காணப்படவில்லை. வயது ஏற ஏற அவ்வுணர்ச்சி மிகுந்து, பதினாறு வயதளவில் உச்சத்தை அடைந்தது. சின்னஞ்சிறு பிள்ளையின் கண்களைக் காதற் காட்சியின்போது கைகளால் மூடும் தாய், வீடு பற்றி எரியும் காட்சியின்போது அக்கைகளை எடுத்துவிடுகிறாள். அப்பிள்ளையின் உள்ளத்தை எண்ணிப் பார்த்தால், அவள் கைகள் இருக்கவேண்டிய நேரம் அதுவே.

வயதுக்கு வயது காட்சி வேறுபடுவதற்குக் காரணம் என்ன? குழந்தையின் அறிவு படிப்படியாக மலரும் தன்மையே காரணம். மூன்று வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை உருவத்தைக் கொண்டே ஒருவரை மதிப்பிடுகிறது. இதனை 1985 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. அமெரிக்க ஆய்வாளர்களான ஹொவ்னர், கன்ரர் என்போர் ஒரு கிழவியைப் பற்றிய சிறு படத்தை நான்கு வகையாக எடுத்தனர். ஒன்றில் அவள் அழகும் அன்பும் உடையவள். இன்னொன்றில் அழகிருந்தும் கொடியவள். மற்றொன்றில் விகாரத் தோற்றமிருந்தும் அன்புடையவள். நான்காவதில் தோற்றமும் செயலும் கொடியன. சின்னஞ்சிறு குழந்தைகள் பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டே அவளை நல்லவளென்றும் கெட்டவளென்றும் தீர்த்தனர். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளோ அவளது செயலையே பெரிதும் நோக்கினர்.

இதன் மறுபக்கமும் உண்டு. உருவமில்லாத பயங்கரம் குழந்தையைத் தொடுவதில்லை. 1983 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே அணுகுண்டுத் தாக்குதலைச் சித்திரிக்கும் 'த டே ஆஃப்டர்' என்னும் படம் காட்டப்பட்டது. பிள்ளைகள் நிலைகுலைந்து போவார்கள் என்று பலரும் அஞ்சினர். பின்னர் விசாரித்தபோது, சிறு பிள்ளைகளே மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். பெற்றாரே மிகக் கலங்கியிருந்தனர். ஒரு நாகரிகமே அழிந்துபோதல் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டாத கருத்து. நீண்ட நகமும் வெள்ளைக் கண்ணும் உடைய பேயொன்று கதவைத் திறப்பதோ அதற்கு நன்றாக எட்டும் காட்சி.

நம்முடைய தமிழ்ப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். 1952 ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த 'பராசக்தி'யை அறியாத தமிழர் இலர். கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்கி, கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் முதன்முதலாகத் தோன்றிய படம் அது. கணவனை இழந்த இளம்பெண் கல்யாணி பலருடைய தீய எண்ணத்துக்கும் இலக்காகிறாள். கோயிலிலேகூட அவளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. வறுமை தாங்காது தன் குழந்தையை ஆற்றிலே எறிந்துவிடுகிறாள். பின்னர் நீதிமன்றக் காட்சி வருகிறது. வளர்ந்தோர் அந்த நீதிமன்ற வசனத்துக்காகவே அப்படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தனர்.

ஏழு வயதுப் பிள்ளை அப்படத்தில் எதனைக் காணும்? பெண்ணின் மானத்துக்கு வந்த ஆபத்தின் பொருள் அதற்கு விளங்காது. சமுதாயத்தின் மீது சாட்டப்படும் குற்றமும் விளங்காது. குழந்தையொன்று ஆற்றில் விழுந்தது என்பது மாத்திரம் முழுமையாக விளங்கும். அதுவும் தாயின் கையிலிருந்தே விழுந்தது என்பது அதைவிட நன்றாக விளங்கும். பேரவையே நடுங்கும்படி வசனம் முழங்கும்போது, முன்வரிசையில் இருக்கும் பிள்ளை, 'அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?' என்ற ஒரே கேள்வியோடு இருந்திருக்கும். அக்குழந்தை படகொன்றில் விழுந்து பிழைத்தது என்று கதை பின்னர் கூறுகிறது. அது தெரியவரும் வரையில் அப்பிள்ளைக்கு அப்படத்தில் வேறு கதையே இல்லை. ஒரே படம், ஒரே மண்டபம், ஆயினும் தந்தை கண்டது ஒன்று, பிள்ளை கண்டது வேறொன்று.

இனி, பிள்ளை நன்மை தீமைகளை எவ்வாறு தீர்க்கிறது என்று பார்ப்போம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பேரறிஞர் பியாஜே 1932 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் பிள்ளைகளிடம் இரு கதைகள் கூறினார். ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் இருந்ததை அறியாமையினால் பதினைந்து கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் தாயறியாமற் பழப்பாகைத் திருடப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய குற்றம்? சிறிய பிள்ளைகளுட் பலர் பதினைந்து கோப்பை உடைத்தவனையே பெரிய குற்றவாளி என்றனர். உள்நோக்கத்தை எடைபோடும் ஆற்றல் பின்னர்தான் வருகிறது.

இந்த உண்மையைத் திரைப்படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கதாநாயகன் முப்பது பேரை அடித்து வீழ்த்துகிறான். 'தங்கையின் மானத்தைக் காக்கத்தானே அடித்தான்' என்று நாம் சமாதானம் சொல்கிறோம். நோக்கத்தை முதலில் எடுத்து நிறுத்த அறியாத பிள்ளைக்கோ, முப்பது பேர் விழுந்தார்கள் என்பதும், எல்லாரும் கைதட்டினார்கள் என்பதுமே மிஞ்சுகின்றன.

'படத்தின் முடிவில் தீயவன் தண்டனை பெறுகிறானே, அது நல்ல பாடமன்றோ?' என்று கேட்போரும் உளர். கொலின்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை தேடினார். 1973 ஆம் ஆண்டில் வெளியான அவரது ஆய்விலே, தீய நோக்கம், வன்செயல், தண்டனை ஆகிய மூன்றும் வரும் நிகழ்ச்சியொன்றைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சிலர் அதனைத் தொடர்ச்சியாகக் கண்டனர். வேறு சிலருக்கு இடையிடையே விளம்பரங்கள் புகுத்தப்பட்டன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அதாவது எட்டு ஒன்பது வயதுடையோர், விளம்பரத்தால் நிகழ்ச்சி துண்டுபட்டபோது தண்டனையை வன்செயலோடு இணைத்துக் காணத் தவறினர். முரட்டுத்தனமான செயலையே பின்னர் கூடுதலாகத் தெரிவுசெய்தனர். வயதில் மூத்த மாணவரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

நமது படங்களின் அமைப்பை இத்துடன் ஒப்பிட்டு நோக்குக. தீயவன் இரண்டரை மணி நேரம் செல்வாக்கோடு வாழ்கிறான். நடுவிலே நான்கைந்து பாட்டுக்கள் வருகின்றன, நகைச்சுவைப் பகுதி வருகிறது, இடைவேளையும் வருகிறது. கடைசிப் பத்து நிமிடத்திலே தண்டனை வருகிறது. அத்தண்டனை முதலில் நடந்த குற்றத்துக்குக் கிடைத்தது என்று கோத்துப் பார்க்கும் நூல், எட்டு வயதுப் பிள்ளையின் கையில் இன்னும் உறுதிப்படவில்லை.

இவ்வாறான பிள்ளைகளைக் காப்பதற்கு அரசாங்கங்கள் செய்துள்ள ஏற்பாடு சான்றிதழ் முறையாகும். இந்தியாவில் 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யாவரும் பார்க்கக்கூடிய படத்துக்கு 'யூ' என்றும், வளர்ந்தோர்க்கு மட்டுமான படத்துக்கு 'ஏ' என்றும் சான்றிதழ் வழங்கப்பட்டது. இடைப்பட்டதான 'யூஏ' 1983 ஆம் ஆண்டில் வந்தது. 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்னும் வயதுகளைக் கொண்டு மூன்றாகப் பிரித்தது. பிள்ளைப்பருவம் ஒன்றன்று, பல படிகளுடையது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் வழியில் அது ஒரு நல்ல முன்னேற்றமே.

ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்தது. அதில் எமது நாட்டுக்கும் சிறு தொடர்புண்டு. ஸ்பீல்பேர்க் இயக்கிய 'இந்தியானா ஜோன்ஸ்' படவரிசையின் இரண்டாவது படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பல 1983 ஆம் ஆண்டிலே கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்டன. அப்படத்தில், உயிரோடிருக்கும் மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பறித்தெடுக்கும் காட்சியொன்று உண்டு. 1984 ஆம் ஆண்டில் வெளியானபோது அது பெற்றாரின் வழிகாட்டலோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற வகுப்பிலே இடம்பெற்றது. பெற்றாரிடமிருந்து எழுந்த கண்டனத்தின் விளைவாக, அவ்வாண்டு யூலை மாதத்திலே பதின்மூன்று வயதை எல்லையாகக் கொண்ட புதிய வகுப்பு ஏற்படுத்தப்பட்டது.

சான்றிதழ் வேண்டும், அதில் ஐயமில்லை. எனினும் அது எதை அளக்கிறது? முத்தம் எத்தனை வினாடி, இரத்தம் எவ்வளவு, ஆபாச வார்த்தை எத்தனை என்று எண்ணக்கூடியவற்றையே அது எளிதில் அளக்கிறது. படம் எதனைப் புகழ்கிறது, எதனை நகைக்கிறது என்பதை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, தமிழ்ப் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிப்பதற்கு 'யூ' சான்றிதழையும் ஒரு நிபந்தனையாக்கியது. 2017 ஆம் ஆண்டிலே புதிய வரிமுறை வரும்வரையில், வரிவிலக்கை நாடிய தயாரிப்பாளர்கள் சில காட்சிகளை வெட்டியும் சில சொற்களின் ஒலியை அடக்கியும் அச்சான்றிதழைப் பெற முயன்றனர். வெட்டப்பட்டவை வினாடிகள். படத்தின் மனப்பான்மை வெட்டப்படாமலே பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

அம்மனப்பான்மை மிகுதியாகத் தைப்பது குமரப்பருவத்தினரிடமே. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை காட்சியின் பொருளை நன்றாகவே விளங்கிக்கொள்ளும். அப்பருவத்தின் தேவை வேறு. ஒரு பெண்ணோடு எவ்வாறு பேசுவது, ஆண்மகன் என்பவன் எவ்வாறு நடப்பவன், மறுப்புக் கிடைத்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் அதன் உள்ளத்தை அரிக்கின்றன. வீட்டிலே இவற்றைக் கேட்க முடியாது. பாடசாலையிலும் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. படமாளிகையின் இருளிலே யாரும் கேளாமலே விடை கிடைக்கிறது.

அங்கு கிடைக்கும் விடை என்ன? பெண் மறுக்கிறாள், நாயகன் பின்தொடர்கிறான். பேருந்து நிறுத்தத்திலும் கோயில் வாசலிலும் வழிமறிக்கிறான். அவன் நண்பர்கள் கேலி செய்கின்றனர். மண்டபம் சிரிக்கிறது. ஈற்றில் அவள் இசைகிறாள், பாட்டுப் பிறக்கிறது. 2016 ஆம் ஆண்டில் வெளியாகிப் பெரும் வசூல் பெற்ற 'ரெமோ' என்னும் படத்தில், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை நாயகன் மாறுவேடம் பூண்டு பின்தொடர்ந்து தன்வயப்படுத்துகிறான். இதனைக் காதலென்று போற்றுவது தகாது என்று திறனாய்வாளர் பலர் அப்போது கண்டித்தனர். ஆனால், அது ஒரு படத்தின் குற்றமன்று. பல்லாண்டுகளாகப் பல படங்கள் மிதித்துப் பழகிய பாதை.

இக்காட்சிகளிலே இரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை, கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. ஆயினும், இதைவிட முதிர்ந்த விடயம் வேறென்ன? ஒரு பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்பதே இங்கு பேசப்படுகிறது. பார்த்திருக்கும் பையன், 'மறுப்பு என்பது தாமதித்து வரும் சம்மதம்' என்று கற்கிறான். பக்கத்திலிருக்கும் பெண்பிள்ளையும் ஒன்றைக் கற்கிறாள். தனக்கு நேரும் அச்சத்தை அச்சமென்று சொல்லக்கூடாது, அது தன்னைப் பாராட்டும் முறை என்று கொள்ளவேண்டும் எனக் கற்கிறாள். மறுநாள் ரியூசன் வகுப்பு முடிந்து அவள் தனியே சைக்கிளில் வரும்போது பின்னால் ஒருவன் வந்தால், வீட்டிலே சொல்வதற்கு அவளிடம் ஒரு சொல் இருக்கவேண்டும். அச்சொல்லைத்தான் படம் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறது. இலங்கையில் 1995 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் பாலியற் தொந்தரவைக் குற்றமாக்கிற்று. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்ணைப் பின்தொடர்தலையே தனிக் குற்றமாக்கிற்று. சட்டம் குற்றமென்று கூறுவதைத் திரை வீரமென்று கூறுமாயின், பதினைந்து வயதுப் பிள்ளை சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போவதில்லை.

புகைபிடித்தலும் இத்தகையதே. திரைப்படங்களில் வரும் புகைபிடிக்கும் காட்சிகள் இளைஞர் அப்பழக்கத்தைத் தொடங்குவதற்குக் காரணமாகின்றன என்று 2012 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை முடிவு கூறிற்று. இந்தியப் படங்களில் அத்தகைய காட்சியின்போது எச்சரிக்கை வாசகம் திரையின் அடியில் ஓடுகிறது. எமது தொலைக்காட்சிகளிலோ அவ்விடத்தை மங்கலாக்கி மறைக்கும் வழக்கம் உண்டு. நல்ல நோக்கமே. ஆனால், பிள்ளை எழுத்தைப் பார்க்கிறதா, முகத்தைப் பார்க்கிறதா? எழுத்து 'தீது' என்கிறது. நாயகனின் முகம் 'இதுவே கம்பீரம்' என்கிறது. இளம்பிள்ளை முகத்தைத்தான் நம்பும். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 'காக்கா முட்டை' இவ்வுண்மையை அழகாகக் காட்டியது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் இரண்டு சிறுவர்கள், தமக்குப் பிடித்த நடிகர் ஒருவர் பீட்ஸா உண்பதைக் காண்கின்றனர். அன்று தொடங்கிய ஆசை அவர்களை எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறது என்பதே கதை. அவர்கள் விரும்பியது உணவை மாத்திரமன்று. அந்த முகத்தின் மகிழ்ச்சியையுமாகும்.

அப்படியாயின் வாழ்க்கையின் கடுமையான விடயங்களைப் பிள்ளைகள் காணவே கூடாதா? நான் அவ்வாறு கூறமாட்டேன். எமது முன்னோர் அவ்வாறு கருதவுமில்லை. யாழ்ப்பாணத்து நேயர்கள் நடிகமணி வைரமுத்து அவர்களின் 'அரிச்சந்திர மயான காண்டம்' இசைநாடகத்தை மறந்திருக்கமாட்டார்கள். அதில் வருவது என்ன? மனைவியும் மகனும் விலைக்கு விற்கப்படுகின்றனர். பாம்பு தீண்டி மகன் இறக்கிறான். பிணத்தைச் சுமந்து தாய் சுடலைக்கு வருகிறாள். காவல் நிற்கும் கணவன் அவளிடமே கூலி கேட்கிறான். இதைவிடக் கடுமையான கதை எந்தப் படத்தில் உண்டு? எனினும் கோயில் வீதியிலே பாயை விரித்து, அம்மம்மாவின் மடியிற் கிடந்து, பிள்ளைகள் விடியவிடிய அதனைக் கண்டனர்.

அவர்களை அது கெடுக்காமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, முடிவு முன்னரே தெரிந்திருந்தது. உலோகிதாசன் இறைவனருளால் எழுந்துவிடுவான் என்று அறிந்தே பிள்ளை அழுதது. இரண்டாவது, பக்கத்தில் ஒரு மடி இருந்தது. பயந்தால் முகத்தைப் புதைக்கவும், விளங்காவிட்டாற் கேட்கவும் ஆளிருந்தது. மூன்றாவது, அச்சபையிலே அத்துன்பத்தைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. துன்பம் துன்பமாகவே காட்டப்பட்டது. சபையும் கண்ணீர் விட்டது. எது அழுகைக்குரியது என்பதைப் பிள்ளை சபையின் முகத்திலிருந்தே கற்றுக்கொண்டது.

இந்த மூன்றாவது காரணத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். கொடுமை ஒரு படத்தில் வருவது பற்றி மாத்திரம் கவலைப்பட்டால் போதாது. அக்கொடுமையைக் காணும்போது படம் நம்மை அழச்செய்கிறதா, சிரிக்கச்செய்கிறதா என்று நோக்கவேண்டும். 2002 ஆம் ஆண்டில் மணிரத்தினம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலே, தத்தெடுக்கப்பட்ட சிறுமியொருத்தி பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வந்து போரின் கொடுமையைக் காண்கிறாள். கடினமான விடயந்தான், ஆயினும் அது விளையாட்டாக்கப்படவில்லை. இதற்கு மாறாக, மனைவியின் கன்னத்தில் அறைவதும், கறுத்த மேனியைக் கேலி செய்வதும், உடற்குறையைப் பரிகசிப்பதும் எத்தனையோ படங்களில் நகைச்சுவைப் பகுதியாகவே வருகின்றன. அவற்றைக் கண்டு நாம் சிரிக்கும்போது, பக்கத்திலிருக்கும் பிள்ளை திரையை மாத்திரம் பார்ப்பதில்லை; நம்முடைய முகத்தையும் பார்க்கிறது. உள்ளது என்றும் காட்டலாம், நன்று என்றும் காட்டலாம். இவை இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த முகமே.

எமது நாட்டுக்கு இன்னுமொரு விசேட நிலைமையும் உண்டு. 2009 ஆம் ஆண்டில் முடிந்த போரிலே குண்டுச் சத்தத்தை நேரிற் கேட்ட பிள்ளைகள் இன்று வாலிபராகியும், சிலர் தாய் தந்தையராகியும் உள்ளனர். திரையிலே குண்டு வெடிக்கும்போது ஒருவர் களிக்கிறார். அடுத்த ஆசனத்தில் இருப்பவர் எழுந்து வெளியே போகிறார். அப்படிப் போகிறவரைப் பயங்கொள்ளி என்று எண்ணாதிருப்பதும் நாம் பிள்ளைகளுக்குப் புகட்டவேண்டிய பாடமே.

இன்று படமாளிகை பிள்ளையின் கைக்கே வந்துவிட்டது. கைத்தொலைபேசியில் முழுப்படத்தைப் பார்க்கும் பிள்ளைகளை விட, துண்டுக் காட்சிகளைப் பார்க்கும் பிள்ளைகளே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. முப்பது வினாடித் துண்டிலே அறை உண்டு, அறைந்ததன் காரணம் இல்லை. கொலை உண்டு, அதன் தண்டனை இல்லை. கொலின்ஸ் கண்ட குறை விளம்பர இடைவெளியால் நேர்ந்தது. துண்டுக் காட்சியிலோ இடைவெளிக்குப் பின்னர் வரவேண்டிய பகுதி வருவதேயில்லை. பிள்ளை தனியே, காதிலே ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கிறது. முடிவும் தெரியாது, மடியும் இல்லை, சபையும் இல்லை. மயான காண்டத்தில் பிள்ளையைக் காத்த மூன்றும் ஒருங்கே நீங்கிவிட்டன.

ஆகவே பெற்றாரும் ஆசிரியரும் செய்யத்தக்கது என்ன? தொலைபேசியைப் பறித்து வைப்பதனால் மாத்திரம் காரியம் முடியாது. நீங்கிப்போன அம்மூன்றையும் இயன்றவரை மீட்டுக் கொடுப்பதே நம்முடைய கடமை.

சின்னஞ்சிறு குழந்தை பயந்துவிட்டால், 'இது வெறும் படந்தானே' என்று கூறுவதாற் பயனில்லை. ஆராய்ச்சியாளர் கன்ரரும் இதனையே வற்புறுத்துகிறார். அவ்வயதில் விளக்கம் பயத்தை ஆற்றாது. படத்தை நிறுத்தி, குழந்தையை அணைத்து, அதற்குப் பழகிய விளையாட்டையோ உணவையோ கொடுப்பதே ஆற்றும். எட்டு வயதளவிலிருந்து காரணங்கூறி விளக்குதல் பயன் தரும். அவ்வயதுப் பிள்ளைக்குக் கதையின் முதலையும் முடிவையும் சேர்த்துக் காட்டுங்கள். 'இவனுக்கு ஏன் இந்தத் தண்டனை வந்தது?' என்று கேட்டுப்பாருங்கள். அதன் விடையிலிருந்து, அது எந்தப் படத்தைக் கண்டது என்பது உங்களுக்குத் தெரியவரும்.

குமரப்பிள்ளையிடம் நீதி போதிக்கத் தொடங்கினால் அது காதைப் பொத்திக்கொள்ளும். அதனிடம் கேள்வி கேளுங்கள். 'அந்தப் பெண் உன் தங்கையாயிருந்தால்?' என்ற பழைய கேள்வி போதாது. தங்கையல்லாத பெண்ணுக்கும் மதிப்பு உண்டு. 'அவளுடைய இடத்தில் நின்று இந்தக் கதையைச் சொல். பார்ப்போம்' என்று கேளுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் கண்ணால் அக்காட்சியைச் சொல்லப் புகுந்தால், மண்டபம் சிரித்த இடத்திலே சிரிப்பு வராது. பாடசாலைகளில் தமிழ்ப் பாடவேளையிலேயே இப்பயிற்சியைச் செய்விக்கலாம். கதைமாந்தரின் பண்பை ஆராய்வதற்குக் காவியத்தைப் போலவே, பிள்ளைகள் நேற்றுக் கண்ட படமும் உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்பதிற் கவனம் வேண்டும். கத்தரிக்கோல் தணிக்கைச் சபையின் கையில் இருக்கிறது. சான்றிதழை வாயிற்காவலன் பார்க்கிறான். அவர்கள் இருவரும் பிள்ளையின் பக்கத்து ஆசனத்தில் அமர்வதில்லை. அங்கு அமர்ந்திருப்பவர் நாம். அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு படம் பார்க்கும்போது, திரையைச் சிறிது மறந்து அவர்களுடைய முகங்களையும் நோக்குங்கள். படம் முடிந்த பின்னர், 'நன்றாக இருந்ததா?' என்று கேட்டு அமையாது, 'யாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது?' என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையைப் பொறுமையோடு கேளுங்கள்.